குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்பவருக்குச் சட்டம் தரும் காவல்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், மக்கள் வழக்கில் போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத எல்லோரும் அதன் பார்வையில் குழந்தைகளே. ஆண் பெண் வேறுபாடு அதில் இல்லை. இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. அதே பிரிவின் ஏழாம் உட்பிரிவு, நல்லெண்ணத்தோடு அப்படித் தெரிவித்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ நிற்காது என்கிறது. கடமையும் காவலும் ஒரே பிரிவில் பிணைந்திருக்கின்றன. சொல்லாவிட்டால் தண்டனை என்பது பள்ளிக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சொன்னவரைச் சட்டம் காக்கும் என்பதையும் அதே அளவுக்குச் சொல்ல வேண்டும். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒருவர் வாய் திறக்கத் தயங்குவது பெரும்பாலும் சட்டத்துக்கு அஞ்சி அல்ல, ஊருக்கும் உறவுக்கும் வேலைக்கும் அஞ்சித்தான்.

கடமை யாருக்கு, எப்போது

'எந்த நபரும்' என்பதே சட்டத்தின் சொல். ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், விடுதிக் காப்பாளர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர், குழந்தையின் தாய் என எவருக்கும் விலக்கு இல்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இந்தத் தண்டனைப் பிரிவு குழந்தைகளுக்குப் பொருந்தாது. தனக்கு நடந்ததையோ தோழிக்கு நடந்ததையோ சொல்லாத சிறுமி மீது எந்த வழக்கும் போட முடியாது.

மருத்துவமனை, தங்கும் விடுதி, புகைப்பட நிலையம், செய்தி நிறுவனம் ஆகியவற்றுக்கு 20ஆம் பிரிவு தனியாகவும் கடமை விதிக்கிறது. குழந்தையைப் பாலியல் நோக்கில் காட்டும் படமோ காணொளியோ கண்ணில் பட்டால் அவர்கள் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எவ்வளவு தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பதில்தான் குழப்பம் அதிகம். துப்பு துலக்கி, சாட்சி திரட்டி, உறுதி செய்துகொண்டுதான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. துப்பு துலக்குவது காவல் துறையின் வேலை. கண்ணூர் மாவட்டத்தில் ஒரு சிறுமியின் பிரசவத்தை மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்களின் வழக்கில், தானே விசாரித்து அறிந்துகொள்ளும் கடமை 19ஆம் பிரிவில் இல்லை என்று 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறி அவர்களை விடுவித்தது. தெரிந்தும் வாய் மூடியிருந்தவருக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. சந்திராப்பூர் மாவட்டம் ராஜுராவில் பள்ளி விடுதிச் சிறுமிகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் மீதான வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும் சொன்னது. கோயம்புத்தூரில் 2021 நவம்பரில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டபோது, ஆசிரியரோடு சேர்த்து, புகார் வந்தும் காவல் துறைக்குச் சொல்லவில்லை என்று பள்ளி முதல்வரும் கைது செய்யப்பட்டார்.

தலைமையாசிரியரிடமோ தாளாளரிடமோ சொன்னதோடு கடமை தீர்ந்தது என்று பல ஆசிரியர்கள் நம்புகிறார்கள். அது சரியல்ல. 19ஆம் பிரிவு சொல்வது உள்ளூர்க் காவல் நிலையத்தையும் சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவையும் மட்டுமே. மேலிடத்துக்குச் சொல்வது நிர்வாக ஒழுங்குக்கு நல்லது. சட்டத்தின் கண்ணில் அது தகவல் தந்ததாக ஆகாது. தெரிவிக்கிறவருக்கு 24 மணி நேரக் கெடு உண்டு என்று பரவியிருக்கும் பேச்சும் தவறு. அந்தக் கெடு காவல் துறைக்கு விதிக்கப்பட்டது. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அறிக்கை தர வேண்டும். அதற்காகத் தெரிந்தவர் நாள் கடத்தலாம் என்று பொருளில்லை. தாமதம் ஏன் என்ற கேள்வி பின்னால் கூண்டில் கட்டாயம் வரும்.

நல்லெண்ணம் என்றால் என்ன

காவலின் முழு எடையும் இந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. போக்சோ அதற்கு விளக்கம் தரவில்லை. தான் விளக்காத சொல்லுக்குத் தண்டனைச் சட்டத்தின் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டமும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவும், உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததை நல்லெண்ணத்தில் செய்ததாகக் கொள்ள முடியாது என்கின்றன. ஆக, நேர்மை மட்டும் போதாது, கவனமும் வேண்டும். தெரிவிப்பவர் தகவலை உண்மை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொன்னாலே அந்தக் கவனம் வந்துவிடும்.

ஒரு புகார்த் தாளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 'இன்னார் இந்தக் குழந்தையைக் கெடுத்துவிட்டார்' என்று ஓர் ஆசிரியை எழுதினால் அது அவர் காணாத ஒன்றைத் தீர்ப்பாக எழுதியதாகும். 'செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் குழந்தை அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்ன வார்த்தைகள் இவை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை நான்கு மணிக்கு இதை எழுதுகிறேன்' என்பது கவனத்தோடு எழுதியது. குழந்தை வட்டார வழக்கில் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். அதை நாகரிகமாக மாற்றி எழுதுவது பின்னால் வழக்கைப் பலவீனப்படுத்தும். உடலில் காயம் தெரிந்தால் எங்கே, எந்த நிறத்தில் என்று எழுதினால் போதும். படம் எடுக்கக் கூடாது. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்வதும், குற்றம் சாட்டப்படுபவர் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்பதும் குழந்தையை நோகடிக்கும். சொல்லிக்கொடுத்துச் சொல்லவைத்தார்கள் என்ற வாதத்துக்கும் அவை இடம் தரும்.

பொய்ப் புகாருக்குத் தண்டனை தரும் 22ஆம் பிரிவைக் காட்டி மிரட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிவின் எல்லை குறுகியது. அவமானப்படுத்த, பணம் பறிக்க, மிரட்ட, பெயரைக் கெடுக்க என்ற நோக்கத்துக்காக மட்டுமே பொய்யாகக் கொடுத்த புகாரைத்தான் அது பிடிக்கும். அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. குழந்தையே பொய் சொல்லியிருந்தால் தண்டனை இல்லை. ஒரு குழந்தை மீது பெரியவர் ஒருவர் தெரிந்தே பொய்ப் புகார் தந்தால் ஓராண்டு வரை போகும். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார் என்பதால் மட்டும் புகார் பொய்யாகிவிடாது. சாட்சி போதாமல் விழும் வழக்குக்கும் கட்டிச் சொன்ன வழக்குக்கும் உள்ள தூரம் பெரிது.

காவல் எங்கே செல்லாது

19ஆம் பிரிவின் காவல், உரிய இடத்தில் சொன்ன சொல்லுக்கே உண்டு. அதே செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டவருக்கும், கம்பம் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் பேசியவருக்கும், முகநூலில் குற்றம் சாட்டப்பட்டவரின் படத்தோடு எழுதியவருக்கும் அது கிடைக்காது. அவதூறு வழக்கு வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, குழந்தையை அடையாளம் காட்டியதற்கான வழக்கு. பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என எதை எந்த ஊடகத்தில் வெளியிட்டாலும் 23ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஐந்நூறு வீடுள்ள ஊரில் 'எட்டாம் வகுப்புப் பிள்ளை, அப்பா ஏலத்தோட்டத்தில் வேலை' என்றாலே யாரென்று தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பது தேனி மக்களுக்குப் பழகிய வழி. பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அது பொருந்தும். இந்த விஷயத்துக்கு அது ஏற்ற இடமல்ல. கூட்டமும் நிருபர்களும் உள்ள இடத்தில் குழந்தையின் பெயர் மனுவோடு கைமாறும்.

அடி, உதை, சூடு, பட்டினி போன்ற பாலியல் அல்லாத கொடுமைகளுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. அவற்றைத் தெரிவிப்பவருக்குப் போக்சோவின் காவல் நேரடியாகப் பொருந்தாது. அங்கே துணை நிற்பது அவதூறுச் சட்டத்தின் விதிவிலக்கு: விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு தந்த புகார் அவதூறாகாது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் தகவல் தருபவரைக் காக்கிறது. அதன் 4ஆம் பிரிவில் ஏறத்தாழ இதே வாசகம் உண்டு.

பெயர் வெளியே தெரியுமா

குழந்தையின் அடையாளத்தை மறைக்கச் சட்டம் எடுக்கும் அக்கறை, தெரிவிப்பவரின் அடையாளத்துக்கு எடுக்கப்படவில்லை. இது சட்டத்தில் உள்ள குறைதான். முதல் தகவல் அறிக்கையான எஃப்.ஐ.ஆரில் புகார்தாரர் பெயர் இருக்கும். அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவர் கைக்கும் போகும். போக்சோ வழக்குகளின் எஃப்.ஐ.ஆரைக் காவல் துறை இணையத்தில் ஏற்றக் கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஆகவே ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக்குத் தெரியும்.

பெயர் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அழைப்பவர் பெயர் சொல்லாமலே குழந்தை இருக்கும் இடத்தையும் நடந்ததையும் சொல்லலாம். அதன் பேரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு குழந்தையைப் பார்த்து, தானே காவல் நிலையத்தில் புகார் தர முடியும். அப்போது புகார்தாரர் இடத்தில் அலுவலரின் பெயர் வரும். மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும், பள்ளிகளில் உள்ள 'மாணவர் மனசு' பெட்டியும் உண்டு. யார் சொல்லித் தகவல் கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டமும் சொல்கிறது. ஆனால் 1098இன் பெயர் 19ஆம் பிரிவில் இல்லை. ஆசிரியரோ செவிலியரோ காப்பாளரோ அந்த எண்ணுக்குப் பேசியதோடு நிறுத்திக்கொண்டால், சொன்னதற்கு அவர் கையில் சான்று இராது. பதவியில் இருப்பவர் எழுதிக் கொடுப்பதே அவருக்குப் பத்திரம்.

காவல் நிலையத்தில்

தேனி, உத்தமபாளையம், போடி, ஆண்டிபட்டி ஊர்களின் அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கே மக்கள் இத்தகைய புகாரோடு போகிறார்கள். எந்தக் காவல் நிலையமும் வாங்கிக்கொள்ள வேண்டும். தகவலுக்கு ஒரு பதிவு எண் இட்டு, எழுத்தில் பதிந்து, தெரிவித்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது 19ஆம் பிரிவின் கட்டளை. பதிய மறுக்கும் காவலருக்கும் 21ஆம் பிரிவின் ஆறு மாதச் சிறை பொருந்தும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. தகவலைப் பெற்ற அதிகாரி தன் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி எண், தன் மேலதிகாரியின் விவரம் ஆகியவற்றைத் தெரிவித்தவரிடம் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து 'விசாரிக்கிறோம்' என்று அனுப்பினால், 19ஆம் பிரிவின் பதிவு எண் என்ன என்று கேட்டு வாங்க வேண்டும். நாளை யாராவது 'நீ எங்கே சொன்னாய்' என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த எண்தான் இருக்கும். தேதி, நேரம், வாங்கிய அதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் தன் நகலில் குறித்து வைப்பது நல்லது. மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சிக்கல் எல்லை. கம்பம், கூடலூர், போடிப் பகுதிகளிலிருந்து அதிகாலை ஜீப்புகளில் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். விடுமுறையில் பிள்ளைகளும் கூடப் போவதுண்டு. அங்கே நடந்ததைப் பிள்ளை இங்கே வந்து சொன்னால், 'அது கேரளா, அங்கே போய்ச் சொல்லு' என்று திருப்பி அனுப்ப இப்போது வழியில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பதிந்த பிறகு வழக்கை உரிய நிலையத்துக்கு மாற்றுவது காவல் துறையின் பாடு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாயை மலையேறச் சொல்வது சட்டப்படியே தவறு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதையும் தொண்ணூறு நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 193ஆம் பிரிவு கூறுகிறது.

குழந்தையின் வாக்குமூலத்தைப் பெற அதிகாரி சீருடையில் வரக் கூடாது. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வந்து பெற வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. தெரிவிப்பவர் இவற்றை அறிந்திருந்தால் குழந்தையின் பெற்றோரிடம் தைரியமாகச் சொல்ல முடியும்.

மருத்துவரும் செவிலியரும்

பதினாறு, பதினேழு வயதில் கல்யாணமாகி, கர்ப்பத்தைப் பதிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணைப் பார்க்கும் செவிலியரின் நிலை கடினமானது. 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பதினெட்டு நிறையாத மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வே. அதனால் வயது தெரிந்த அந்தக் கணத்திலேயே தெரிவிக்கும் கடமை வந்துவிடுகிறது. நோயாளியின் இரகசியம் காக்கும் கடமை இதற்குத் தடையல்ல. வேறு சட்டத்தோடு மோதினால் தன் சொல்லே நிற்கும் என்று போக்சோவின் 42ஏ பிரிவு சொல்லிவிடுகிறது. 19(7)இன் காவல் செவிலியருக்கும் முழுமையாக உண்டு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமி விஷயத்தில் ஒரு தளர்வு இருக்கிறது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு அனுமதித்திருக்கிறது. பயந்துபோய் நாட்டு வைத்தியத்துக்கும் மறைவான இடங்களுக்கும் போகும் பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. காவல் துறை வந்தால்தான் சிகிச்சை என்று சொல்லவும் கூடாது. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தாலும் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் முதலில் சிகிச்சை, அதுவும் இலவசமாக.

பதின்பருவக் காதல் வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்று தமிழ்நாடு காவல் துறைத் தலைவர் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். அது காவலருக்கான வழிகாட்டல். தெரிவிக்கும் கடமையை அது குறைக்கவில்லை.

மிரட்டலும் சமாதானமும்

புகாருக்குப் பிறகு முதலில் வருவது பெரும்பாலும் சமாதானம் பேச வரும் ஆட்கள்தான். ஊர்க் கூட்டத்தில் தொகை பேசி முடிப்பதும், பெண்ணை அவனுக்கே கட்டிவைக்கலாம் என்பதும் சட்டத்தில் செல்லாது. ஓர் ஆசிரியர் மீதான வழக்கு குடும்பத்தோடு சமாதானமானதால் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. சாட்சியை மாற்றிச் சொல்லும்படி மிரட்டினால் நியாய சம்ஹிதாவின் 232ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை உண்டு. வெறும் மிரட்டலுக்கு 351ஆம் பிரிவு. மிரட்டல் வந்த அன்றே, அதை இன்னொரு தனிப் புகாராகத் தருவது முதல் வழக்கையும் காக்கும்.

இதற்கு மேலும் ஆபத்து தெரிந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018 இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 5 அன்று ஏற்று நாடு முழுவதும் சட்டமாக்கிய திட்டம் இது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதியின் தலைமையில், காவல் துறைத் தலைமையும் அரசு வழக்குத் துறையும் சேர்ந்த குழு உண்டு. அந்தக் குழுவுக்கு விண்ணப்பித்தால் டி.எஸ்.பி. ஆபத்தை மதிப்பிட்டு அறிக்கை தருவார். ஆபத்தின் அளவுக்கேற்ப வீட்டைச் சுற்றி ரோந்து, நீதிமன்றத்துக்குப் பாதுகாப்போடு அழைத்துச் செல்வது, எதிரியின் முகம் பாராமல் சாட்சி சொல்ல ஏற்பாடு, தற்காலிகமாக வேறிடத்தில் தங்கவைப்பது எல்லாம் கேட்கலாம். குழந்தை தலித் அல்லது பழங்குடிக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்து, வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால், அதன் 15ஏ பிரிவு சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் தர அரசைக் கட்டாயப்படுத்துகிறது. ஊரை விட்டு ஒதுக்கிவைப்பதும் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம்.

வீட்டுக்குள்ளேயே குற்றம் நடந்து, கணவனுக்கு எதிராகச் சொல்ல வேண்டிய தாய்க்கு இந்தத் திட்டங்களைவிட உடனே தேவைப்படுவது தங்க இடமும் சோறும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை ஆணை, பாதுகாப்பு ஆணை, செலவுத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்கலும் சட்ட உதவியும் கிடைக்கும்.

வேலை பறிபோனால் என்ன என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை பலவீனமானது. தகவல் தந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று போக்சோவில் தனி வாசகம் இல்லை. சம்பளக்காரர் தொழிலாளர் சட்டத்தையோ பணி விதிகளையோ, அரசு மற்றும் உதவி பெறும் பள்ளி ஊழியர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையையோ நாட வேண்டியிருக்கிறது. அங்கேயும் கைகொடுப்பது பதிவு எண்ணும் தேதியும் உள்ள புகார் நகலே. புகார் முதலில், நீக்க உத்தரவு பிறகு என்ற வரிசையைத் தேதிகள் காட்டிவிட்டால், பழிவாங்கல் இல்லை என்று விளக்கும் சுமை நிர்வாகத்தின் பக்கம் சாயும்.

சாட்சியாக அழைப்பு வந்தால்

தெரிவித்தவர் பின்னால் சாட்சியாகவும் அழைக்கப்படலாம். குழந்தையின் சாட்சியத்தைச் சிறப்பு நீதிமன்றம் வழக்கை ஏற்ற முப்பது நாளுக்குள் பதிய வேண்டும், வழக்கைக் கூடுமானவரை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்பது 35ஆம் பிரிவு. நடைமுறையில் இது நீள்வதுண்டு. அதனால்தான் அன்று எழுதிய தாளின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் நாளையும் நேரத்தையும் கேட்கும்போது அதைப் படித்து நினைவுபடுத்திக்கொண்டு போகலாம். தெரியாததற்குத் தெரியாது என்றே பதில் சொல்லலாம். அது வழக்கைக் கெடுக்காது. நீதிமன்றத்துக்கு வந்துபோகும் சாட்சிக்குப் பயணப்படி வழங்க நீதிமன்றம் உத்தரவிட முடியும். கூலிக்காரர் அதை அன்றே, சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கியதும், அரசு வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பெற வேண்டும்.